மலைச்சரிவில் போட்ட உரம் எங்கே போகிறது? ஜொகூர் தோட்டங்களும் வீட்டுக் குழாய்த் தண்ணீரும்

அடைமழை விட்ட மறுநாள் கோத்தா திங்கியில் ஜொகூர் ஆற்றைப் பார்ப்பவர்களுக்கு அதன் நிறம் புதிதல்ல. பால் கலந்த தேநீர் போலக் கலங்கி ஓடும். "மழைத் தண்ணி அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்து விடுவார்கள். அந்தக் கலங்கலில் இருப்பது மண் மட்டுமல்ல. மேட்டில் உள்ள தோட்டங்களில் மூட்டை மூட்டையாகப் போட்ட உரத்தின் ஒரு பகுதியும் அதில் சேர்ந்து போகிறது.

தோட்டத்தில் அது நட்டக் கணக்கு. ஆற்றில் அது பாசிக்குத் தீனி. நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அது கூடுதல் செலவு. ஒரு காலத்தில் அதே மேட்டில் உரக் கூடையைச் சுமந்த குடும்பங்கள் இன்று கூலாயிலும் மாசாயிலும் ஸ்கூடாயிலும் குடியிருக்கின்றன. மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர்தான் சுத்திகரிக்கப்பட்டு அந்த வீடுகளின் குழாய்க்கு வருகிறது. சரிவு நிலத்தில் செய்யும் விவசாயம் உரச்சத்தை எப்படி ஆற்றுக்கு அனுப்புகிறது, அதைத் தடுக்க என்ன வழி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஜொகூரில் மலை எங்கே?

ஜொகூர் என்றதும் பலருக்குச் சமவெளியும் செம்பனையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் மாநிலத்தின் நடுப்பகுதியும் வடபகுதியும் மேடு பள்ளம் நிறைந்தவை. தங்காக் அருகே 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலை நிற்கிறது. குளுவாங் பக்கம் பெலுமுட் மலையும் லம்பாக் மலையும் உள்ளன. தெற்கே பூலாய் மலை இருக்கிறது. இவற்றின் அடிவாரத்திலிருந்து குன்றுகளும் மேடுகளுமாக இறங்கும் நிலத்தில்தான் ரப்பரும் செம்பனையும் பெருமளவில் நடப்பட்டன.

கேமரன் மலையைப் போல உயரத்தில் அமைந்த காய்கறிப் பண்ணைகள் ஜொகூரில் இல்லை. இங்குள்ள சரிவுகள் பெரும்பாலும் தோட்டச் சரிவுகள். ஆனாலும் சரிவில் ஓடும் மழைநீர் எல்லா இடத்திலும் ஒரே விதமாகத்தான் நடந்து கொள்ளும்.

மண்ணும் ஒரு காரணம். மலேசிய மண் வகைகளில் பரவலாக அறியப்பட்ட ஒன்றுக்கு 'ரெங்கம்' என்றே பெயர். குளுவாங் மாவட்டத்திலுள்ள ரெங்கம் என்ற ஊரின் பெயரைக் கொண்டு வகைப்படுத்தப்பட்ட மண் அது. கருங்கல் பாறை சிதைந்து உருவான இந்த மண் ஆழமானது, நீர் தேங்காது, வேர் நன்றாக இறங்கும். ரப்பருக்கும் செம்பனைக்கும் ஏற்றது. ஆனால் சத்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் திறன் இதற்குக் குறைவு. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பெய்த மழை இதன் இயற்கைச் சத்தைக் கழுவி விட்டது. அதனால்தான் இங்கே உரமில்லாமல் விளைச்சல் இல்லை. அந்த உரத்தை மண் இறுகப் பிடித்து வைப்பதும் இல்லை.

மூன்று சத்துகள், மூன்று வழிகள்

தோட்டத்தில் போடும் உரங்களில் முக்கியமானவை மூன்று சத்துகள்: தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன், மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ், சாம்பல் சத்து எனப்படும் பொட்டாசியம். மழை வந்தால் இம்மூன்றும் ஒரே வழியில் வெளியேறுவதில்லை.

நைட்ரஜன் எளிதில் கரையும். யூரியா உரத்தில் 46 விழுக்காடு நைட்ரஜன். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. அது மண்ணில் முதலில் அமோனியமாகவும், பிறகு நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. நைட்ரேட்டை மண் துகள் பிடித்து வைப்பதில்லை. தண்ணீரோடு கீழே இறங்கி நிலத்தடி ஊற்று வழியாக ஓடையைச் சேரும். தரைமேல் கிடக்கும் யூரியாவில் ஒரு பகுதி அமோனியா வாயுவாகக் காற்றிலும் கலந்துவிடும். பலத்த மழை பெய்தால் கரைந்து நேராக ஓடைக்குப் போகும்.

பாஸ்பரஸ் இதற்கு நேர் எதிர். செம்மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் அதை இறுகப் பிடித்துக் கொள்ளும். தண்ணீரில் அதிகம் கரையாது. ஆனால் மண்ணே அரித்துக்கொண்டு போனால், ஒட்டியிருக்கும் பாஸ்பரஸும் கூடவே போகும். ஆகவே பாஸ்பரஸ் இழப்பு என்பது பெரும்பாலும் மண் இழப்புதான்.

பொட்டாசியம் இரண்டுக்கும் இடைப்பட்டது. மணற்பாங்கான மண்ணில் எளிதில் கழுவப்படும். செம்பனை அதிகம் கேட்கும் சத்தும் இதுவே என்பதால், இது போனால் தோட்டக்காரரின் கைக்காசுதான் போகிறது. ஆனால் ஆற்றில் பாசியைப் பெருக்குவதில் இதற்குப் பெரிய பங்கில்லை. அந்த வேலையைச் செய்வது நைட்ரஜனும் பாஸ்பரஸும்.

சரிவு கூடினால் என்ன ஆகும்?

சமதரையில் விழும் மழைநீருக்கு மண்ணுக்குள் இறங்க நேரம் கிடைக்கிறது. சரிவில் அந்த நேரம் இல்லை. நீர் வழிந்து ஓடத் தொடங்கும். ஓட ஓட வேகம் கூடும். வேகம் கூடக் கூட மண்ணைச் சுமக்கும் வலிமையும் கூடும். சரிவு எவ்வளவு செங்குத்து என்பதோடு, தடையில்லாமல் எவ்வளவு நீளம் ஓடுகிறது என்பதும் முக்கியம்.

மலேசியாவில் அடிக்கடி பேசப்படும் எல்லை 25 டிகிரி. 100 மீட்டர் முன்னே போனால் ஏறக்குறைய 47 மீட்டர் உயரம் ஏற வேண்டிய சரிவு அது. அந்த மேட்டில் குலை வெட்டியவர்களுக்கும் பால் வாளி சுமந்தவர்களுக்கும் அதன் செங்குத்து காலுக்குத் தெரியும்.

அமெரிக்க ஆய்வாளர்களான விஷ்மயர், ஸ்மித் இருவரும் 1965-இல் வெளியிட்ட மண் அரிப்புச் சூத்திரம் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. மழையின் தாக்கம், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், தரையை மூடியிருக்கும் செடிகொடி, பாதுகாப்பு வேலைகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று பெருக்கி அது கணக்கிடுகிறது. மழையையும் மண்ணையும் மனிதனால் மாற்ற முடியாது. ஆனால் சரிவின் நீளத்தைப் படித்தளம் வெட்டிக் குறைக்கலாம். தரையை மூடி வைக்கலாம். எல்லாத் தடுப்பு முறைகளும் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மழைநீர் முதலில் அள்ளிச் செல்வது மேல் மண்ணிலுள்ள மெல்லிய களித்துகளையும் மக்கிய குப்பையையும்தான். சத்து அதிகம் ஒட்டியிருப்பதும் அவற்றில்தான். அதனால் ஆற்றுக்குப் போகும் மண், தோட்டத்தில் மிஞ்சும் மண்ணைவிடச் சத்து மிகுந்தது. அடுத்த ஆண்டு அதே விளைச்சலுக்குக் கூடுதல் உரம் தேவைப்படும். கூடுதல் உரம் போட்டால் கழுவப்படுவதும் கூடும்.

காம்பிர் காலம் முதல் செம்பனை வரை

ஜொகூர் மண் இந்தப் பாடத்தைப் பல முறை கண்டிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜொகூர் ஆற்றோரங்களில் சீனக் குடியேறிகள் காம்பிரும் மிளகும் பயிரிட்டனர். ஆட்சியாளர் வழங்கும் 'சூராட் சுங்கை' என்ற ஆற்றுப் பத்திரத்தின் பேரில் நடந்த இந்த ஏற்பாடு காங்சு முறை எனப்பட்டது. காங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்களில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காம்பிர் இலையைக் காய்ச்சியபின் மிஞ்சும் சக்கை மிளகுக் கொடிக்கு எருவானது. காய்ச்ச விறகு வேண்டும் என்பதால் சுற்றியிருந்த காடு அழிந்தது. மண்ணும் விறகும் தீர்ந்ததும் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். 1917-இல் இந்த முறை முடிவுக்கு வந்தது.

அடுத்து வந்தது ரப்பர். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் காட்டை வெட்டி மரம் நட்டார்கள். தொடக்க காலத் தோட்ட நிர்வாகங்கள் ஒரு புல்கூட இல்லாமல் தரையைச் சுத்தமாக வைக்கச் சொல்லின. புல் இருந்தால் அது மரத்தின் சத்தைத் தின்றுவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. சங்குலால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்த மேடுகளில் மழை நேராக வெற்று மண்ணில் விழுந்தது. மேல்மண் கரைந்து ஆறுகளில் வண்டலாகப் படிந்தது.

அனுபவம் நம்பிக்கையை மாற்றியது. 1920களின் நடுவில் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் தோட்ட நிர்வாகங்களும் அவரை இனக் கொடிகளைத் தரைமூடியாக வளர்க்கும் வழக்கத்துக்கு வந்தன. புவேரேரியா, கலபகோனியம், சென்ட்ரோசீமா என்ற கொடிகள் இன்றும் செம்பனை மறுநடவில் பயன்படுகின்றன. இவை மழைத்துளியின் அடியைத் தாங்குகின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் சேர்க்கின்றன. உதிர்ந்து மக்கி எருவாகின்றன. சரிவுக்கு குறுக்கே படித்தளம் வெட்டுவதும், இடையிடையே நீரையும் மண்ணையும் பிடித்து வைக்கும் குழிகள் தோண்டுவதும் தோட்ட வேலையின் பகுதியாயின. அந்தப் படித்தளங்களில் பலவற்றைக் கையால் வெட்டியவர்கள் தோட்டத் தமிழர்கள்.

ஒரு ஏக்கரில் எவ்வளவு உரம்?

செம்பனை ஒரு ஹெக்டரில் பொதுவாக 136 முதல் 148 மரங்கள் இருக்கும். ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு எல்லா உரமும் சேர்த்து 7 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஹெக்டருக்கு ஏறக்குறைய ஒரு டன். அதாவது 50 கிலோ மூட்டையில் 20. ஏக்கருக்கு 8 மூட்டை. ஒரு சிறிய பள்ளத்தாக்கில் 100 ஏக்கர் இருந்தால் ஆண்டுக்கு 800 மூட்டை உரம் அங்கே இறங்குகிறது.

இதில் எல்லாமே ஆற்றுக்குப் போவதில்லை. பெரும்பகுதி மரத்துக்குத்தான் போகிறது. ஆனால் ஆற்றைக் கெடுக்கப் பெரும்பகுதி தேவையில்லை. ஏரி நீரில் லிட்டருக்கு 0.035 மில்லிகிராம் பாஸ்பரஸைத் தாண்டினாலே அது மிகையூட்டம் பெற்ற ஏரி என்று நீரியலாளர் கணிக்கிறார்கள். கணக்குப் போட்டால், ஒரே ஒரு கிலோ பாஸ்பரஸ் ஏறத்தாழ 2 கோடியே 85 லட்சம் லிட்டர் நீரை அந்த அளவுக்குக் கொண்டுவரப் போதும். ஒலிம்பிக் நீச்சல் குளம் பதினொன்றை நிரப்பும் தண்ணீர் அது. ஒரு மூட்டைப் பாறைப் பாஸ்பேட்டில் இருப்பதோ சுமார் 6 கிலோ பாஸ்பரஸ்.

ஒரே தோட்டத்துக்குள்ளும் இழப்பு ஒன்றுபோல் இருப்பதில்லை. குலை அறுவடைக்கு நடந்து நடந்து, வண்டி ஓடி ஓடி இறுகிப்போன பாதையில் நீர் இறங்காது. அங்கேதான் அதிகம் வழியும். வெட்டிய மட்டைகளை அடுக்கி வைத்த வரிசையில் மண் பொலபொலவென்று இருக்கும். நீர் உள்ளே இறங்கும். பாதையோரம் உரத்தைக் கொட்டினால் ஆற்றுக்குக் கொட்டுவது போல. மட்டை அடுக்கின் மேல் தூவினால் மரத்துக்குப் போகும்.

இங்கே கூலிக் கணக்கும் வருகிறது. உரம் போடும் வேலைக்கு மூட்டைக் கணக்கில் கூலி தரும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்து வருகிறது. செங்குத்தான மேட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் ஏறி இறங்கி அளந்து தூவுவதற்கும், சமதரையில் தூவுவதற்கும் ஒரே கூலி என்றால், களைத்த கை கீழ்வரிசை மரங்களிலேயே மூட்டையைக் காலி செய்யும். இந்த வேலையை அதிகம் செய்தவர்கள் பெண்கள். மேட்டு வேலைக்கு ஏற்ற கூலியும், மூட்டையை மேல்தளம் வரை கொண்டு சேர்க்கும் ஏற்பாடும் இருந்தால் உரமும் மரத்தடிக்குப் போகும்.

செம்ப்ரோங் அணை காட்டும் உண்மை

ஜொகூரில் உரச்சத்து நீரில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அருகிலுள்ள உதாரணம் ஆயர் ஈத்தாம், குளுவாங் வட்டாரத்திலுள்ள செம்ப்ரோங் அணை. 1980களில் மேற்கு ஜொகூர் விவசாய மேம்பாட்டுத் திட்டத்தின்போது வெள்ளத்தைக் கட்டுப்படுத்தக் கட்டப்பட்டது. பிறகு குடிநீருக்கும் மூலமானது. ஆழம் குறைந்த, அகன்ற நீர்த்தேக்கம். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள்.

ஆழமில்லாத தேக்கம், ஆண்டு முழுதும் வெயில், சுற்றிலுமிருந்து வந்து சேரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும்: பாசி வளர இதைவிட நல்ல இடம் இல்லை. இந்த நீர்த்தேக்கம் மிகையூட்டம் பெற்றது என்பதை அங்கு நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. சுற்றியுள்ள விவசாய நிலம் முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சுட்டப்படுகிறது.

பாசி பெருகினால் நீர் பச்சையாவதோடு முடியவில்லை. சுத்திகரிப்பு நிலையத்தின் வடிகட்டிகள் அடைபடும். மண்வாடை வரும். நீலப்பச்சைப் பாசியின் சில வகைகள் நச்சையும் சுரக்கும். பாசி இறந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன் செத்து மிதக்கும். அதிகமான கரிமப் பொருளோடு குளோரின் சேர்ந்தால் விரும்பத்தகாத துணைப் பொருள்கள் உண்டாகும். இவை ஒவ்வொன்றையும் சமாளிக்க ரசாயனமும் மின்சாரமும் வேலையாளும் வேண்டும்.

பூலாய் மலை: காடு நின்ற சரிவு

இதற்கு மறுபக்கம் பூலாய் மலை. 1927-இல் ஜொகூர் சுல்தானுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நகராட்சி அங்கே நீர்த்தேக்கம் அமைத்தது. நீர்ப்பிடிப்புப் பகுதியில் காட்டை அப்படியே விட்டு வைத்தார்கள். 1961 ஒப்பந்தம் 2011 ஆகஸ்டில் முடிவடைந்தபோது அந்த நீர் நிலையம் ஜொகூரிடம் ஒப்படைக்கப்பட்டது.

காடு நிற்கும் சரிவில் இலையும் சருகும் வேரும் மழையைப் பல அடுக்குகளில் தாங்குகின்றன. காட்டின் சத்து மரத்துக்கும் மண்ணுக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெளியே கசிவது கொஞ்சம்.

அதற்காகக் காடு இருந்தால் எதுவுமே நடக்காது என்றும் சொல்ல முடியாது. 2001 டிசம்பர் 27-ஆம் தேதி ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறிய வாமெய் புயலின் பெருமழையில், மறுநாள் பூலாய் மலைச் சரிவு சரிந்து ஐந்து பேர் உயிரிழந்தனர். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாவது அபூர்வம். காடு நின்ற சரிவுக்கே அந்த நிலை என்றால், வெட்டித் துடைத்த சரிவு எவ்வளவு தாங்கும் என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஜொகூர் ஆறும் அமோனியாவும்

ஜொகூர் ஆறு உள்நாட்டு மலைகளில் பிறந்து, சுமார் 120 கிலோமீட்டர் ஓடி, ஜொகூர் நீரிணையில் கலக்கிறது. ஜொகூர் மக்களின் பெரும் குடிநீர் ஆதாரம் இது. 1962 ஒப்பந்தத்தின்படி சிங்கப்பூரும் இதிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம். அது 2061 வரை நடப்பிலிருக்கும்.

இந்த ஆற்றில் அமோனியா அளவு உயர்ந்து சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்ட நிகழ்வுகள் உண்டு. 2017-இலும், 2019 ஏப்ரலிலும் அப்படி நடந்தது. அமோனியா குளோரினைத் தின்னும். ஒரு பங்கு அமோனியா நைட்ரஜனைத் தீர்க்க ஏறக்குறைய 8 முதல் 10 பங்கு குளோரின் தேவை. ஓர் அளவுக்கு மேல் போனால் நிலையத்தை மூடுவதுதான் வழி. வீடுகளில் வாளியும் தொட்டியும் வரிசையாக நிற்கும்.

எல்லா அமோனியாவும் தோட்ட உரத்திலிருந்து வருவதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். செம்பனை ஆலைக் கழிவு, கோழிப் பண்ணை, எரு தயாரிப்பு, வீட்டுக் கழிவுநீர் எல்லாமே அமோனியாவைத் தரும். அமோனியா திடீரென்று உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் இத்தகைய ஓரிடத்துக் கழிவால்தான். ஆலைக் கழிவுக்கு 1977-ஆம் ஆண்டு செம்பனை எண்ணெய் ஆலை விதிமுறைகள் முதல் உரிமமும் அளவும் உண்டு. குழாய் முனையில் மாதிரி எடுக்கலாம், வழக்குப் போடலாம்.

சரிவிலிருந்து வழியும் உரச்சத்துக்குக் குழாய் முனை இல்லை. ஆயிரம் வரிசைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. யாரும் குற்றவாளி இல்லை; எல்லாருக்கும் பங்கு உண்டு. அதனாலேயே அது செய்தியாவதில்லை.

வறட்சியும் இதைக் கடுமையாக்கும். ஜொகூர் ஆற்றுக்கு நீர் விடும் லிங்கியூ நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் 20 விழுக்காடாகக் குறைந்தது. ஆற்றில் நீர் குறைந்தால் அதே அளவு மாசு அதிகச் செறிவாகும். ஆறு முடியும் ஜொகூர் நீரிணையிலும் சத்து மிகுதி தொல்லை தருகிறது. 2014 பிப்ரவரியில் நுண்பாசிப் பெருக்கத்தோடு வளர்ப்பு மீன்கள் பெருமளவில் இறந்தன. அங்கே நகரக் கழிவு, தொழிற்சாலை, தோட்டம் எல்லாவற்றின் சத்தும் வந்து சேர்கிறது.

மற்ற மலைகளின் அனுபவம்

கேமரன் மலையில் 1963-இல் இயங்கத் தொடங்கிய மின் திட்டத்தின் ரிங்லெட் நீர்த்தேக்கம், மேலே காய்கறிப் பண்ணைகளும் கட்டுமானமும் பெருகப் பெருக வண்டலால் நிரம்பி வந்திருக்கிறது. நீர் கொள்ளும் இடத்தை மண் பிடித்துக்கொண்டால், கனமழையில் அணையைத் திறக்க வேண்டிய கட்டாயம் சீக்கிரம் வரும். 2013 அக்டோபர் 23-ஆம் தேதி அதிகாலை பெர்தாம் பள்ளத்தாக்கில் ஏற்பட்ட வெள்ளத்தில் உயிரிழப்பு நேர்ந்தது. காய்கறிக்குச் செம்பனையைவிடப் பல மடங்கு அடிக்கடி உரமும் கோழி எருவும் போடப்படுகிறது. நிலம் ஆண்டுக்குப் பல முறை கிளறப்படுகிறது. சரிவில் செய்யக் கடினமான விவசாயம் அதுதான்.

தமிழ்நாட்டின் நீலகிரியில் உருளைக்கிழங்குச் சரிவுகளில் மண் கரைவதைத் தடுக்க உதகமண்டலத்தில் 1954-இல் மண்வள ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. படிக்கட்டு நிலங்கள் அங்கே பரவின. இலங்கை மலையகத்தில் காப்பிக்காகக் காடுகள் வெட்டப்பட்டபோதே, 1873-இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடக்கூடாது என்று எச்சரித்தார். 1951-இல் அங்கே மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நீலகிரி, மலையகம், ஜொகூர் மூன்றிலும் மேட்டு மண்ணில் கொத்தியவர்களில் பலர் தமிழர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1960-ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மாநில அரசு ஒரு நிலத்தை 'மலை நிலம்' என்று அரசிதழில் அறிவிக்கலாம். அவ்வாறு அறிவிக்கப்பட்ட நிலத்தில் அனுமதியின்றிக் குறுகிய காலப் பயிர் நடக் கூடாது. அனுமதியின்றிக் காடு வெட்டவோ செடிகொடிகளை அகற்றவோ கூடாது. குறுகிய காலப் பயிர் என்பது பொதுவாக இரண்டு ஆண்டுக்குள் வாழ்நாள் முடியும் பயிர். ஆனால் அறிவித்தால்தான் சட்டம் பொருந்தும். நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால் அந்தப் பொறுப்பு மாநிலத்துடையது.

செம்பனையைப் பொறுத்தவரை, 2020 ஜனவரி 1 முதல் மலேசிய நிலைத்தன்மைச் செம்பனைச் சான்றிதழான எம்.எஸ்.பி.ஓ. கட்டாயமானது. சரிவு நிலத்தில் மண் அரிப்பைத் தடுக்கும் ஏற்பாடும், ஆற்றோரக் காப்புப் பட்டையும் அதன் எதிர்பார்ப்புகளில் அடங்கும். 2 ஏக்கர், 5 ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கு மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் துனாஸ் அதிகாரிகள் ஆலோசனை தருகிறார்கள்.

சிறுதோட்டக்காரர் செய்யக்கூடியவை

பெரிய இயந்திரம் இல்லாமலும் பலவற்றைச் செய்ய முடியும்.

• பருவம் பார்த்து உரமிடுதல்: வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை உரம் போடுவதைத் தவிர்க்கலாம். மண் ஈரமாகவும் வானம் தெளிவாகவும் உள்ள நாளே நல்லது.

• பிரித்துப் போடுதல்: ஆண்டு அளவை ஒரே முறையில் போடாமல் இரண்டு, மூன்று தவணையாகப் பிரித்தால், ஒரு பெருமழையில் எல்லாம் போய்விடாது.

• குழியில் போடுதல்: செங்குத்தான இடத்தில் மரத்தைச் சுற்றி மேற்பக்கமாகச் சிறு குழிகள் வெட்டி, உரமிட்டு மண் மூடலாம். வேலை அதிகம், இழப்பு குறைவு.

• மட்டையைக் குறுக்கே அடுக்குதல்: வெட்டிய மட்டையைச் சரிவின் போக்கில் அல்லாமல் குறுக்கே வரிசையாக அடுக்கினால் அதுவே தடுப்பணை.

• வெறும் குலையைப் பரப்புதல்: ஆலையில் பழம் பிரித்தபின் மிஞ்சும் வெறும் குலை, மொத்தக் குலை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அது பொட்டாசியம் நிறைந்த மூடாக்கு.

• களைக்கொல்லியை அளவோடு அடித்தல்: மரத்தடி வட்டமும் நடைபாதையும் சுத்தமாக இருந்தால் போதும். இடையிலுள்ள பெரணியும் மென்மையான புல்லும் மண்ணைக் காக்கின்றன. மேடு முழுதும் மஞ்சளாகக் கருகினால் அடுத்த மழையில் மண் இறங்கும்.

• மறுநடவில் கவனம்: 25 ஆண்டுக்கு ஒருமுறை மரத்தை வீழ்த்தி மறுபடி நடும்போதுதான் நிலம் வெறுமையாகிறது. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில்தான் மண் அதிகம் போகும். தரைமூடிக் கொடியை முதல் வேலையாக விதைக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே அது தரையை மூடிவிட வேண்டும்.

• ஓடையோரத்தை விட்டுவைத்தல்: ஓடைக்கரையில் உரமும் மருந்தும் இல்லாத பசுமைப் பட்டை ஒன்று இருந்தால், வழிந்து வரும் மண்ணின் பெரும்பகுதி அங்கேயே நிற்கும்.

வீட்டுக்குப் பின்னால் மேட்டில் வெண்டையும் கத்தரியும் நடுபவர்களுக்கும் இது பொருந்தும். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே அமைப்பதும், பச்சைக் கோழி எருவை நேரடியாகப் போடாமல் மக்க வைத்துப் போடுவதும், பாத்தியை இலைதழையால் மூடுவதும் போதும்.

யாருக்கு இலாபம்?

2021-லும் 2022-லும் உர விலை உலகெங்கும் ஏறியபோது சிறுதோட்டக்காரர்கள் பலர் உரத்தைக் குறைத்தார்கள். ஆற்றுக்குப் போகும் உரத்தைத் தடுத்திருந்தால் அந்தச் சுமையின் ஒரு பகுதி குறைந்திருக்கும். இதில் தோட்டக்காரரின் இலாபமும் குடிநீர் குடிப்பவரின் நலனும் எதிரெதிராக நிற்கவில்லை. மரத்தடியில் தங்கும் ஒவ்வொரு கிலோ உரமும் ஆற்றில் கலக்காத ஒரு கிலோ.

ஒரு தலைமுறைக்கு முன் மேட்டுத் தோட்டங்களில் படித்தளம் வெட்டி, மண்குழி தோண்டி, கொடி விதைத்தவர்களில் பலர் இன்றும் இருக்கிறார்கள். அந்த வேலை துரை சொன்னதற்காகச் செய்த எடுபிடி வேலையாகவே நினைவில் நிற்கிறது. உண்மையில் அது ஆற்றைக் காத்த வேலை. மேட்டில் இப்போது உரம் தூவும் கைகள் பெரும்பாலும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களுடையவை. மண்குழி எந்த இடத்தில் வேண்டும், மழையில் எந்த வரிசை முதலில் கரையும் என்பதைப் பழைய தொழிலாளர்களிடமிருந்து கேட்டு அவர்களுக்குச் சொல்லித் தருவது எந்தத் தோட்ட நிர்வாகத்துக்கும் செலவில்லாத வேலை.